வீடியோ தொகுப்புக்கு மடிக்கணினி: பெயரைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு, பாடசாலைப் பரிசளிப்பு, உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, திருமணம், வலீமா, பூப்புனித நீராட்டு விழா என எமது கரையோரத்தில் கமரா இன்றி நடைபெறும் நிகழ்வு இன்று அரிதாகவே உள்ளது. ஒரு காலத்தில் வீ.எச்.எஸ். கசற்றில் பதிவு செய்து, இரண்டு டெக்குகளை இணைத்து வைத்துக்கொண்டு காட்சி காட்சியாகப் பிரதி செய்து தொகுத்தார்கள். அதன் பின்னர் மேசைக்கணினிகள் வந்தன. இன்றோ சாய்ந்தமருதிலும் நற்பிட்டிமுனையிலும் நிந்தவூரிலும் தனது வீட்டு அறையிலேயே ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு தொழில் தொடங்க இளைஞர்கள் முன்வருகின்றனர். இது வரவேற்கப்பட வேண்டிய மாற்றம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் அந்த மடிக்கணினிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாயின் நகை அடகுக்குப் போகிறது. அல்லது கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் சகோதரனின் பல மாதச் சேமிப்பு கரைகிறது. அல்லது மாதாந்தத் தவணை ஒன்று குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலரின் பெறுமதி, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதன் பின்னர் ரூபா ஓரளவு மீண்ட போதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் அவ்வாறே. எனவே தவறான ஒரு கணினியை வாங்கிவிட்டு, அதை விற்று வேறொன்றை வாங்குவோம் என்று இலகுவாக எண்ணக்கூடிய நிலையில் எமது குடும்பங்கள் இல்லை.

இத்தகைய பெரும் செலவு, பல வேளைகளில் கணினியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு சிறு வில்லையை நம்பியே செய்யப்படுகிறது என்பதுதான் கவலைக்குரியது. 'ஐ7' என்றால் நல்லது, 'கேமிங்' என்றால் அதனிலும் நல்லது, விலை கூடியது என்றால் மிக நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. வீடியோ தொகுப்பைப் பொறுத்தவரை இவை மூன்றுமே எம்மை ஏமாற்றக்கூடியவை.

முதலில் அறிய வேண்டியது கமராவை

மருதமுனையில் தறி பூட்டுவோர், எந்தத் துணியை நெய்யப் போகிறோம் என்பதைத் தீர்மானித்த பின்னரே நூலை எடுப்பர். கணினியும் அவ்வாறே. எமது கமரா எத்தகைய கோப்பைத் தருகிறது என்பதை அறியாமல் கணினியைத் தெரிவு செய்ய முடியாது.

வீடியோ என்பது செக்கனுக்கு 25 அல்லது 30 படங்கள் அடுத்தடுத்து ஓடுவதாகும். முழு எச்.டி. எனப்படும் படத்தில் 1920 க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே படத்தில் 3840 க்கு 2160 என்ற கணக்கில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். அதாவது நான்கு மடங்கு. செக்கனுக்கு 25 படங்கள் எனில், ஒவ்வொரு செக்கனிலும் 20 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கணினி கணித்துத் திரையில் காட்ட வேண்டும்.

இவ்வளவையும் அப்படியே சேமித்தால் எந்த அட்டையும் போதாது. ஆகவே கமரா அதனைச் சுருக்குகிறது. 2003 இல் வெளிவந்த எச்.264, 2013 இல் வெளிவந்த எச்.265 ஆகியன இன்று பெரும்பாலும் பயன்படும் சுருக்க முறைகள். இவை எல்லாப் படங்களையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, மற்றவற்றில் ஏற்பட்ட மாற்றங்களை மாத்திரமே குறித்துக்கொள்கின்றன. கடைக்காரரின் கடன் கொப்பியை இதற்கு உவமையாகக் கூறலாம். மாத முடிவில் மாத்திரமே மொத்தத் தொகை எழுதப்பட்டிருக்கும்; நடுவில் ஒரு நாளில் நிலுவை எவ்வளவு என்று கேட்டால், கடந்த மொத்தத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். தொகுப்பவர் காட்சியை முன்னும் பின்னுமாக இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கணினி இந்தக் கூட்டல் கழித்தலையே செய்கிறது. எச்.265 கோப்பு அளவில் சிறியது. ஆனால் அதன் கணக்கு கடினமானது. "கோப்பு சிறிதாக இருக்கிறதே, ஏன் கணினி திணறுகிறது?" என்று பலரும் கேட்கும் வினாவுக்கு விடை இதுவே.

இக்கணக்கைச் செய்வதற்கெனத் தனியான மின்சுற்று இன்றைய கணினிகளில் உண்டு. எமது கமராவின் கோப்பு வகையை அச்சுற்று அறிந்திருந்தால் காட்சி தடையின்றி ஓடும். அறியாவிட்டால் முழுச் சுமையும் புரொசெசரின் மேல் விழும்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். 2020 இல் வெளிவந்த சொனி ஏ7எஸ் 3, 2021 இல் வெளிவந்த ஏ7 4 போன்ற கமராக்கள், நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் '10 பிட் 4:2:2' என்ற முறையிலும் பதிவு செய்யவல்லவை. எச்.265 முறையிலான இத்தகைய கோப்புகளை விரித்துக் காட்டும் சுற்று, இன்டெல் நிறுவனத்தின் 11 ஆம் தலைமுறை முதலான மடிக்கணினிப் புரொசெசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் உண்டு. அப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் உண்டு. என்விடியா நிறுவனமோ 2025 இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையிலேயே அதனைச் சேர்த்தது. அதற்கு முந்திய 30, 40 வரிசைகளில் அது இல்லை. இதன் பொருள் என்ன? பெரும் விலை கொடுத்து ஆர்.டி.எக்ஸ். 40 வரிசை அட்டையுடன் வாங்கிய 'கேமிங்' கணினி, அதன் புரொசெசரும் இந்த வசதி இல்லாததாக இருந்தால், இக்கோப்புகளில் திணறலாம். அதனிலும் விலை குறைந்த ஒரு கணினி அவற்றை இலகுவாக ஓட்டலாம். கைத்தொலைபேசியிலும் சாதாரண கமராக்களிலும் வரும் 8 பிட் கோப்புகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை.

எமது கோப்பு எவ்வகையானது என்பதை அறிவது கடினமன்று. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்தால், சுருக்க முறை, பிட் அளவு, செக்கனுக்கான மெகாபிட் ஆகிய அனைத்தும் தெரியும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் கடைக்குச் செல்ல வேண்டும்.

'ஐ7' என்ற எழுத்தில் என்ன இருக்கிறது?

புரொசெசரின் பெயரில் உள்ள முதல் இலக்கத்தை விட, அதைத் தொடர்ந்து வரும் இலக்கங்களும் இறுதி எழுத்துமே முக்கியமானவை. ஓர் எடுத்துக்காட்டு. 2017 இல் வெளிவந்த ஐ7-7600யு என்பதில் இரண்டு கருக்களே உள்ளன. 2022 இல் வெளிவந்த ஐ5-12450எச் என்பதில் எட்டுக் கருக்கள் உள்ளன. 'ஐ7' என்ற வில்லையை நம்பி முதலாவதை வாங்குபவர், 'ஐ5' தானே என்று இரண்டாவதை ஒதுக்கியிருந்தால், இழப்பு யாருக்கு? 'யு' என்ற எழுத்து மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் வகையையும், 'எச்' என்ற எழுத்து கூடுதல் வலுவுடைய வகையையும் குறிக்கும். 2023 இன் இறுதியில் வந்த 'கோர் அல்ட்ரா' வரிசையிலிருந்து இன்டெல் 'ஐ' என்ற எழுத்தையே கைவிட்டுவிட்டது. ஆகவே முழுப் பெயரையும் எழுதி வாங்கி, வெளிவந்த ஆண்டையும் கருக்களின் எண்ணிக்கையையும் அந்நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே சரிபார்ப்பது அவசியம்.

பாவித்த கணினிகளை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசெசர்களை ஏற்பதில்லை. எனவே அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு, துடைத்துப் பளபளப்பாக வரும் ஏழாம் தலைமுறைக் கணினி எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொழிலுக்கு அது உகந்ததன்று.

நினைவகம், கிராபிக்ஸ், சேமிப்பு

வேலை செய்யும்போது கோப்புகளை விரித்து வைக்கும் மேசையே ரெம் எனப்படும் நினைவகம். முழு எச்.டி. தொகுப்புக்கு 16 ஜிகாபைட் என்பதை ஆரம்ப அளவாகக் கொள்ளலாம். 4கே தொகுப்பையும் நிறத்திருத்தத்தையும் நாளாந்தம் செய்வோருக்கு 32 ஜிகாபைட் உகந்தது. 8 ஜிகாபைட்டுடன் வரும் கணினியை வாங்குவதாயின், பின்னர் கூட்ட முடியுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். வாங்கிய அளவே இறுதி அளவாகிவிடும்.

கிராபிக்ஸ் அட்டை நிறத்திருத்தம், இரைச்சல் நீக்கம், விசேட காட்சிகள் ஆகியவற்றுக்கு உதவும். வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, எழுத்துப் போடுவதோடு முடியும் வேலைக்குத் தனி அட்டை கட்டாயமில்லை. தேவைப்படுவோர், ஒரே பெயருடைய அட்டை எல்லாக் கணினிகளிலும் ஒரே வலுவுடன் இயங்குவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4060 அட்டைக்கு 35 வொட் முதல் 115 வொட் வரை மின்வலுவை வழங்கத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி உண்டு. பெயர் ஒன்று, வேகம் வேறு. எத்தனை வொட் என்று கேட்பவரைக் கடைக்காரர் இலகுவில் ஏமாற்ற முடியாது.

சேமிப்பின் அளவை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். செக்கனுக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்யும் கமரா, ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட்டை நிரப்பும். ஒரு திருமணத்தில் இரண்டு கமராக்கள் மும்மூன்று மணி நேரம் ஓடினால் 270 ஜிகாபைட். 512 ஜிகாபைட் கொண்ட கணினியில் விண்டோஸும் மென்பொருள்களும் தமக்குரிய இடத்தை எடுத்துக்கொண்ட பின்னர், ஒரே ஒரு திருமணத்துக்கே இடமிருக்கும். நோன்புப் பெருநாளை அடுத்தோ ஆவணி மாதத்திலோ திருமணங்கள் அடுத்தடுத்து வரும்போது நிலைமை என்னவாகும்? ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. அல்லது இன்னொன்றைப் பூட்டக்கூடிய வெற்றிடம், இவ்விரண்டில் ஒன்று அவசியம். சுழலும் பழைய வன்தட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரையே தரும், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கான மெகாபைட்டுகளைத் தரவல்லது. வன்தட்டு பிரதிகளை வைப்பதற்கு நல்லது. வேலை செய்வதற்கு எஸ்.எஸ்.டி.யே வேண்டும்.

பட்டுச் சேலையின் நிறம்

திரையைப் பற்றிக் கேட்போர் குறைவு. ஆனால் வாடிக்கையாளரின் முதல் முறைப்பாடு பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாகவே இருக்கும். விபரத்தாளில் 'என்.டி.எஸ்.சி. 45 வீதம்' என்று குறிப்பிடப்பட்ட திரைகள், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிற எல்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே காட்டும். அதில் சிவப்பு வெளிறித் தெரியும். தொகுப்பவர் அதைச் சரிசெய்வதாக எண்ணிச் சிவப்பைக் கூட்டுவார். பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியில் மணமகளின் அரக்குப் பட்டு எரிகின்ற சிவப்பாகவும், முகங்கள் காய்ச்சல் கண்டவை போலவும் தோன்றும். எனவே ஐ.பி.எஸ். வகைத் திரையா, எஸ்.ஆர்.ஜி.பி. 100 வீதத்தை அண்மிக்கிறதா என்று கேட்க வேண்டும். மிகக் குறைந்த செலவில் வேலையின் தரத்தை உயர்த்தும் தெரிவு இதுவாகும்.

வெப்பமும் உப்புக் காற்றும்

வீடியோவை இறுதிக் கோப்பாக வெளியிடும்போது கணினி நீண்ட நேரம் முழு வலுவுடன் இயங்குகிறது. வெப்பம் எல்லையை மீறினால் புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். குளிரூட்டிய கடையில் ஐந்து நிமிடம் பறந்த கணினி, கல்முனைக்குடியின் தகரக் கூரை அறையொன்றில் சித்திரை மாதப் பகலில் தவழ்வதற்குக் காரணம் இதுவே. ஆகவே மிக மெல்லியதை விட, காற்றோட்டத் துளைகளும் விசிறிகளும் நன்கமைந்த சற்றுத் தடித்த கணினி எமது காலநிலைக்குப் பொருந்தும்.

கடலுக்கு அண்மையில் வாழும் எமக்கு இன்னொரு எதிரியும் உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்றை விசிறி உள்ளிழுக்கிறது. உலோகப் பகுதிகள் அரிக்கப்படுகின்றன. கடல் நோக்கிய யன்னலோரம் கணினியை வைக்காதிருப்பதும், பாவிக்காத வேளையில் ஈரமுறிஞ்சும் பொதிகளுடன் பையில் வைப்பதும், குறித்த கால இடைவெளியில் தூசகற்றுவதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

மின்வெட்டையும் நாம் மறந்துவிட முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மடிக்கணினியில் மின்கலம் இருப்பது ஆறுதலே. எனினும் தனி கிராபிக்ஸ் அட்டை கொண்ட கணினிகள் மின்கலத்தில் இயங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்பிளின் மடிக்கணினிகள் இவ்விடயத்தில் பெரிதும் தனித்து நிற்கின்றன. ஆனால் அவற்றில் நினைவகத்தையோ சேமிப்பையோ பின்னர் கூட்ட முடியாது. மெக்புக் எயாரில் விசிறியும் இல்லை. பழுது ஏற்பட்டால் உதிரிப்பாகமும் திருத்துநரும் அண்மையில் கிடைப்பது அரிது. பைனல் கட் புரோ மென்பொருளில் பழகியோர் அப்பிளையே நாட வேண்டியிருக்கும். ஏனையோர் இந்த நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே வாங்குவது?

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர் கையில் ஒரு கணினி வருவது எமது ஊர்களின் வழமை. விலை குறைவாக இருக்கலாம். ஆனால் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மாத்திரமா, சர்வதேச ரீதியானதா என்பதை வாங்கும் முன்னரே உற்பத்தி நிறுவனத்தின் தளத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியது இங்குள்ளவரின் பொறுப்பு. சகோதரன் ஆசையோடு வாங்கிவரும் பொருள் எமது கமராவுக்குப் பொருந்தாவிட்டால், அவருடைய உழைப்பும் வீண். அதை அவரிடம் சொல்லவும் எமக்கு நா எழாது. 'நல்ல லப்டொப் ஒன்று' என்று கேட்பதை விடுத்து, புரொசெசரின் முழுப் பெயர், நினைவகம், சேமிப்பு, திரை ஆகியவற்றை எழுதி அனுப்புவதே முறை.

உள்ளூரில் வாங்குவோர், திருத்த வேலை எங்கே நடைபெறும் என்று கேட்க வேண்டும். கொழும்பு எமக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. கல்முனையில் ஒப்படைத்தால் கொழும்புக்கு அனுப்பித் திருத்தித் தருவார்களா, அதுவரை எத்தனை நாள் செல்லும் என்பன விலையை விட முக்கியமான கேள்விகள். தொடரிலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைக் கட்டாயம் பெற வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிட நேர்ந்தால், கையில் உள்ள அந்தத் தாளே எமக்குச் சாட்சி.

பணத்தைக் கொடுக்கும் முன்னர், எமது கமராவில் எடுத்த பத்து நிமிடக் கோப்பொன்றைக் கொண்டு சென்று, அக்கணினியில் தொகுத்து, வெளியிட்டுப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதுமானது. அதில் சில வசதிகள் கட்டணப் பதிப்புக்கு மாத்திரம் ஒதுக்கப்பட்டுள்ளன. எமது கோப்பு அதில் எவ்வாறு ஓடுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சோதிக்க மறுக்கும் கடையில் வாங்காதிருப்பதற்கு எமக்கு உரிமை உண்டு. இலவசமாகவே தரமான மென்பொருள் கிடைக்கும்போது, பூட்டு உடைக்கப்பட்ட களவு மென்பொருளைப் பதிப்பது ஏன்? அது முறையற்றது என்பதோடு, கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் நுழைவதற்கான வாசலும் அதுவே.

இன்னும் ஒன்று. கையில் ஏற்கனவே ஒரு கணினி இருக்குமாயின், புதியதை வாங்கும் முன் 'புரொக்சி' முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிய கோப்புகளுக்குப் பதிலாகச் சிறிய பிரதிகளை உருவாக்கி, அவற்றில் தொகுத்து, இறுதியில் மூலக் கோப்புகளிலிருந்து வெளியிடும் முறை இது. பிரபலமான தொகுப்பு மென்பொருள்கள் அனைத்திலும் இவ்வசதி உண்டு. இரவில் பிரதிகளை உருவாக்க விட்டுவிட்டுக் காலையில் தொகுக்கலாம். மாதத்தில் இரண்டு வேலை மாத்திரம் கிடைக்கும் ஒருவரை, அடகுக் கடையின் படியேறாமல் இது காப்பாற்றக்கூடும்.

கணினிக்குள் இருப்பது பிறருடைய உடைமை

கணினியின் விலையோடு எமது கணக்கு முடிந்துவிடக் கூடாது. ஒதுக்கிய பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, பிரதிகளை வைக்கும் வெளிவன்தட்டுகளுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது எமது கருத்து. கணினி பழுதானால் திருத்தலாம். களவு போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் ஒரு திருமணத்தை மீண்டும் நடத்தி வைக்க முடியாது. அந்தக் காட்சியில் இருந்த பாட்டனார் அடுத்த ஆண்டு இல்லாமற் போகலாம்.

இதை வேறெவரையும் விட நாம் நன்கறிவோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இக்கரைக்குள் புகுந்தபோது, நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் வீடுகளோடு புகைப்படத் தொகுதிகளும் கசற்றுகளும் போயின. இறந்த பிள்ளையின் முகத்தைக் காண ஒரு படமேனும் மிஞ்சவில்லையே என்ற துயரத்தோடு வாழ்ந்தவர்கள் எம்மத்தியில் உள்ளனர். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறோர் இடத்தில் என்ற விதியை உலகெங்கும் தொழில்முறையாளர்கள் கடைப்பிடிக்கின்றனர். கடலோரத்தில் தொழில் செய்பவர் தனது ஒரு பிரதியைச் சம்மாந்துறையிலோ வேறெங்கேனும் உள்நாட்டிலோ உள்ள உறவினர் வீட்டில் வைப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிரதியைக் காப்பது போலவே, அது பிறர் கண்ணில் படாது காப்பதும் கடமை. எமது சமூகங்களில் பெண்கள் பகுதியின் காட்சிகள், அந்தக் குடும்பத்தைத் தவிர வேறெவரும் பார்க்கக் கூடாதவை என்ற நம்பிக்கையிலேயே கமராவுக்கு அனுமதி கிடைக்கிறது. அது ஓர் அமானிதம். திருத்தக் கொடுத்த கணினியிலிருந்தோ, விற்ற பழைய வன்தட்டிலிருந்தோ அக்காட்சிகள் வெளியே போனால், ஒரு பெண்ணின் வாழ்வும் ஒரு தொழிலாளியின் பெயரும் ஒருங்கே கெடும். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலகுவில் கிடைக்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே வாங்கும்போதே, முழுச் சேமிப்பையும் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லொக்கர் உள்ளது. ஹோம் பதிப்பிலும் பல கணினிகளில் அதன் எளிய வடிவம் உண்டு. அப்பிளில் ஃபைல்வோல்ட் உண்டு. இவ்வாறு பூட்டிய கணினி களவு போனாலும், கடவுச்சொல் அறியாதவர் உள்ளிருப்பதைக் காண முடியாது. ஆனால் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வேறிடத்தில் பத்திரப்படுத்தாவிட்டால், நாமே எமது கோப்புகளை இழக்க நேரிடும். வாடிக்கையாளரின் காட்சிகளை வெளிவன்தட்டில் வைத்து வேலை செய்வதும், திருத்தக் கொடுக்கும் வேளையில் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் மேலும் பாதுகாப்பானவை. அந்த வன்தட்டையும் பூட்டி வைக்க மறக்கக் கூடாது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் எமது பாடசாலைகளிலும் தொழில்நுட்பம் கற்ற இளைஞர்கள் ஊர்தோறும் உள்ளனர். ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கும் முன், அவர்களில் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி, கமராவின் கோப்பைத் திறந்து பார்த்து, ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் இத்தகைய ஆலோசனைக்கு மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஏற்பாடு செய்வது, பெரும் செலவில்லாத சமூகப் பணியாகும்.

கடைக்குச் செல்லும் இளைஞரின் கையில் அந்தத் தாளும் கமராவின் அட்டையும் இருக்கட்டும். பளபளக்கும் வில்லைகளைக் கடைக்காரர் காட்டும்போது, அந்த அட்டையை நீட்டி, "இதை ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். தாயின் நகையை விரைவில் மீட்டுக் கொடுக்கக்கூடிய கணினி எதுவென்பது அப்போது தெரிந்துவிடும்.